கோடு போட்ட வீடு

நாடக மேடையிலிருந்து வந்த விசுவின் ‘சம்சாரம் அது மின்சாரம்’ (1986) படத்தில் மூத்த மகன் சிதம்பரம் வீட்டுக்குத் தரும் பணத்தில் கணக்குப் பார்க்கிறான். தகப்பன் வீட்டின் நடுவே கோடு போடுகிறார். மகன் கஞ்சன், தகப்பன் மானஸ்தர். ஆரோக்கியமான பொழுதுபோக்கு என்று தேசிய விருதும் கிடைத்தது.

பணம் எங்கிருந்து வருகிறது என்று இந்த நாடகங்கள் கேட்பதே இல்லை. ஆம்பூரில் அந்தக் கேள்விக்கு வாடை உண்டு. வீட்டில் உட்கார்ந்து ஷூவின் மேல்பாகம் தைக்கிற பெண்ணுக்கு ஜோடிக் கணக்கில் கூலி. அவள் எண்ணி எண்ணிச் செலவு செய்வதைக் குணக்கேடு என்பவன் விமர்சகனா? பாலாற்றங்கரையைக் கெடுத்த டேனரிகளுக்கு 1996-ல் உச்ச நீதிமன்றம் தலைக்கு 10,000 ரூபாய் அபராதம் போட்டது. தோல் பணத்தில் படித்த மருமகனும், அதே தோல் கழிவால் கிணறு உப்பாகிப்போன மாமனும் ஒரே பந்தியில் உட்காரும் நாடகத்தைக் கேட்கிறேன். விசு போட்ட கோடு அந்தப் பந்திக்குப் போதாது.