மாரிக்கு முன் டயரைப் பாருங்கள்

மேலை நாடுகளில் குளிர்காலம் நெருங்கும்போது வாகனத்தின் டயரை மாற்றிவிடுகிறார்கள். வெப்பநிலை 7 பாகை செல்சியஸுக்குக் கீழே போனால் சாதாரண டயரின் இறப்பர் இறுகி, வீதியைப் பிடிக்கும் சக்தியை இழக்கும் என்பதால் பனிக்கென்றே மிருதுவான டயர் செய்கிறார்கள். திருகோணமலையில் நமக்குப் பனி இல்லை. ஆனால் நமக்கும் ஒரு குளிர்காலம் உண்டு. அதுதான் மாரி. ஒக்டோபர் தொடக்கம் ஜனவரி வரையில்தான் நமது வருட மழையில் பெரும்பகுதி கொட்டித் தீர்க்கின்றது. அந்த நான்கு மாதங்களுக்காக நம்மில் எத்தனை வியாபாரிகள் டயரைப் பற்றி யோசிக்கிறோம்?

உட்துறைமுக வீதியிலும் என்.சி. வீதியிலும் நிற்கின்ற வாகனங்களைச் சற்று உற்றுப் பாருங்கள். கடைக்காரரின் காரிலே பளபளக்கும் அலோய் ரிம்மும் அகன்ற டயரும் இருக்கும். அதே கடைக்கு தம்புள்ளையிலிருந்து மரக்கறி ஏற்றிவரும் வேனில் மொட்டை டயர் இருக்கும். உழைத்துத் தருவது எது, அழகுக்கு நிற்பது எது என்று கேட்டால் முகம் சுளிப்பார்கள். நான் யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. முதல் குற்றவாளி நானேதான்.

சில வருடங்களுக்கு முன்னர் ஒரு கார்த்திகை மாதம் எனது சாரதி வந்து, "முதலாளி, பின் டயர் ரெண்டும் மொட்டையாப் போச்சு, மழைக்கு முந்தி மாத்திருவோம்" என்றார். "இந்த சீசன் போகட்டும் தம்பி, பாத்துப் போ" என்றேன். அதே மாதத்தில்தான் மகனின் காருக்கு அலோய் ரிம் வாங்கக் காசு கொடுத்தேன். மூன்று கிழமை செல்லவில்லை. ஹபரணைக்கும் கந்தளாய்க்கும் இடையில் இரவு மழையில் யானையொன்று வீதிக்கு வந்தது. பிரேக் பிடித்ததும் வேனின் பின்பக்கம் சுழன்று கானுக்குள் இறங்கிவிட்டது. அல்ஹம்துலில்லாஹ், உயிர் தப்பியது. ஆனால் தோள் எலும்பு உடைந்து அந்தப் பிள்ளை மூன்று மாதம் வீட்டில் இருந்தது. சரக்கு போனது, வேன் போனது. இவற்றைவிட, ஆஸ்பத்திரியில் அவருடைய உம்மாவின் முகத்தை என்னால் நேரே பார்க்க முடியவில்லை.

அதன் பிறகுதான் டயரைப் பற்றிக் கேட்டும் விசாரித்தும் அறிந்துகொண்டேன். அதைச் சக வியாபாரிகளுக்குச் சொல்வது என் கடமை.

டயரில் வெட்டப்பட்டிருக்கும் கான்கள் தண்ணீரை வெளியே தள்ளுவதற்காக இருப்பவை. புது டயரில் அவை சுமார் 8 மில்லிமீற்றர் ஆழம் இருக்கும். 1.6 மில்லிமீற்றர் ஆகும்போது கானுக்குள் இருக்கும் சிறு மேடுகள் டயரின் மேற்பரப்போடு சமமாகிவிடும். அதுதான் கடைசி எல்லை. மழைக்கு 3 மில்லிமீற்றரிலேயே மாற்றுவது புத்தி. கான் தேய்ந்தால் தண்ணீர் வெளியேற வழியின்றி டயர் அதன்மேல் மிதக்கும். அப்போது பிரேக்கும் ஸ்டியரிங்கும் இருந்தும் இல்லாதது போலத்தான். அகன்ற டயர் தேய்ந்திருந்தால் இன்னும் சீக்கிரமாக மிதக்கும். ஆகவே அகலம் கூடினால் பிடிப்புக் கூடும் என்ற நமது இளைஞர்களின் கணக்கு மழையில் பிழைத்துவிடும்.

அடுத்தது சுமை. டயரின் பக்கத்தில் அளவுக்குப் பின்னால் ஓர் எண் இருக்கும். 91 என்றால் ஒரு டயர் 615 கிலோ தாங்கும். 106 என்றால் 950 கிலோ. அழகான ரிம்முக்குப் பொருந்துகிறது என்று வேனுக்கு 91 எண்ணுள்ள கார் டயரைப் போட்டால் நான்கும் சேர்ந்து 2460 கிலோதான் தாங்கும். வேனின் சொந்த எடை 1800 கிலோ அளவில் என்றால், ஒரு தொன் வெங்காயம் ஏற்றியதுமே எல்லை தாண்டிவிட்டது. சரக்கு வேனுக்கு 'சி' அல்லது 'எல்டி' என்று குறித்த டயர்தான் போடவேண்டும்.

மூன்றாவது வயது. பக்கத்தில் நான்கு இலக்கங்கள் தனியாக இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. கான் ஆழமாக இருந்தாலும் இறப்பர் கிழடானால் வெடித்துப் போகும். கடையில் மலிவு விலை சொன்னால் முதலில் அந்த இலக்கத்தைப் பாருங்கள்.

இன்னொன்று. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கும் மீண்டும் திறக்கப்பட்டது. ஜப்பானின் பனிப் பிரதேசங்களில் ஓடிய வாகனங்கள் சில அங்கத்தைய பனி டயரோடு வரக்கூடும். பக்கத்தில் 'ஸ்டட்லெஸ்' என்றோ பனித்துளி அடையாளமோ இருக்கும். பார்வைக்குக் கான் நிறைய இருக்கும், மனம் மயங்கும். ஆனால் அந்த மிருதுவான இறப்பர் நமது சூட்டில் விரைவாகக் கரையும், மழை வீதியில் நீட்டி இழுத்துத்தான் நிற்கும். அதை நம்பி மாரியில் இறங்கவேண்டாம்.

காசு இல்லாமல் இரண்டு டயர் மட்டும் மாற்றினால் புதியதைப் பின்னால் போடுங்கள். முன்னால் போடுவதுதான் நம் வழக்கம். ஆனால் முன் சில்லு வழுக்கினால் சாரதிக்கு ஸ்டியரிங்கில் தெரியும். பின் சில்லு வழுக்கினால் தெரியும்போது வாகனம் சுழன்றுவிடும். இதற்கு எனது வேனே சாட்சி.

"வியாபாரம் படுத்துக் கிடக்கிறது, டயருக்கு எங்கே போவது?" என்பீர்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். கொழும்பு போய்வர சுமார் 520 கிலோமீற்றர். நல்ல டயர் 40,000 கிலோமீற்றர் ஓடினால் சுமார் 75 பயணம். நான்கு டயரும் ஒன்றரை இலட்சம் என்று வைத்துக்கொண்டால் பயணத்துக்கு 2000 ரூபா. புறக்கோட்டைக்குப் போகும் ஒவ்வொரு தடவையும் டீசல் செலவோடு சேர்த்து இந்த 2000 ரூபாவையும் தனியே ஒதுக்கிவிட்டால் டயர் ஒருநாளும் சுமையாகத் தெரியாது. டயரை எதிர்பாராத செலவாக நினைப்பதுதான் நமது தவறு. தேயும் என்று தெரிந்த பொருள் எப்படி எதிர்பாராததாகும்?

அல்லாஹ் பாதுகாப்பான் என்று சொல்லி அனுப்புகிறோம். ஒட்டகத்தைக் கட்டாமல் விட்டுத் தவக்குல் வைக்கலாமா என்று கேட்டவரிடம், கட்டிவிட்டே தவக்குல் வைக்குமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள் என்பதை நாம் ஜும்ஆவில் கேட்டிருக்கிறோம். மொட்டை டயரோடு ஒருவரை இரவு மழையில் அனுப்புவது கட்டாத ஒட்டகம்தான். அதிலும் ஒட்டகம் நம்முடையது, உயிர் இன்னொருவருடையது. சாரதி நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம்.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது நாடெங்கும் வீதிகளும் பாலங்களும் உடைந்ததைக் கண்டோம். வீதியைத் திருத்துவது அரசாங்கத்தின் வேலை. அந்த வீதியில் ஓடும் சில்லைப் பார்ப்பது நமது வேலை. அடுத்த புரட்டாதி பிறக்கும்போது கடையைப் பூட்டிவிட்டு ஒரு அரைமணி நேரம் டோர்ச் லைற்றோடு வேனைச் சுற்றி வாருங்கள். சாரதியையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அவர் சொல்வதைக் காது கொடுத்துக் கேளுங்கள். நான் கேட்கவில்லை.