கடைக்காரர் போடும் பத்திரிகை

தென்காசியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். சிறு வயதிலிருந்தே அமெரிக்காவில் வளர்ந்த அவருடைய ஒன்றுவிட்ட அண்ணா, விடுமுறைக்கு வந்தபோது பழைய பத்திரிகைக் கட்டு ஒன்றைக் கொண்டுவந்து, இவருடைய பையனிடம் கொடுத்துவிட்டுப் போனாராம். ‘நின்டெண்டோ பவர்’ என்று பெயர். டெலிவிஷனில் இணைத்து விளையாடும் வீடியோ கேம் பெட்டியைப் பற்றிய பத்திரிகை. அதிலும் ஒரே ஒரு கம்பெனியின் பெட்டியைப் பற்றி மட்டும்!

பாடப் புத்தகம் தவிர வேறு எதையும் தொடாத 12 வயதுப் பையன், ஒரு மாதமாக அகராதியும் கையுமாக உட்கார்ந்து அதைப் படிக்கிறான். அம்மாவுக்குப் பரம சந்தோஷம். அப்பாவோ, “இது பத்திரிகையே இல்லை, வெறும் விளம்பரம். பழைய பேப்பர்க்காரரிடம் எடைக்குப் போடு” என்கிறார். போதாக்குறைக்கு, பையன் இப்போது புதுப் பெட்டி வாங்கித் தந்தால்தான் ஆச்சு என்று அடம் பிடிக்கிறானாம். “யார் கட்சி நியாயம்? நீங்களே சொல்லுங்கள்” என்று கேட்கிறார் சகோதரி.

புருஷன் பெண்சாதி வழக்கில் தலையிடுவது அபாயமான காரியம். ஆனாலும் இந்த வழக்கில் பயமில்லாமல் தீர்ப்புச் சொல்லலாம். ஏனென்றால், இரண்டு பேர் சொல்வதும் சரி!

முதலில் அந்தப் பத்திரிகையின் ஜாதகத்தைப் பார்ப்போம். நின்டெண்டோ என்பது ஜப்பானில் கியோட்டோ நகரத்தில் 1889-ல், பூப்படம் போட்ட சீட்டுக்கட்டுகள் செய்து விற்க ஆரம்பித்த கம்பெனி. காலம் மாறியது; ஆட்டமும் மாறியது. 1985-ல் அமெரிக்காவில் தன் வீடியோ கேம் பெட்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. குழாய் ரிப்பேர் செய்கிற மீசைக்கார மாரியோ, ராஜகுமாரியை மீட்பதற்காக ஓடுகிறான், தாண்டுகிறான், குழியில் விழுகிறான். பையன்களும் கூடவே விழுந்தார்கள். எழுந்திருக்க வழி தெரியாமல் கம்பெனிக்கே டெலிபோன் செய்தார்கள். பதில் சொல்வதற்கென்றே கம்பெனி ஆட்களை வைத்தது. ஆனால் டெலிபோனில் எத்தனை பேருக்குத்தான் வழி சொல்ல முடியும்?

ஏற்கெனவே ரசிகர் சங்கத்து அங்கத்தினர்களுக்கு ஒரு சிறு செய்தித்தாளை இனாமாக அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அதுதான் 1988 ஜூலை – ஆகஸ்டில் ‘நின்டெண்டோ பவர்’ என்ற வண்ணப் பத்திரிகையாக வளர்ந்தது. அதைத் தொடங்கி நடத்திய ஆசிரியர் கெயில் டில்டன் என்ற பெண்மணி. முதல் இதழின் அட்டையில் களிமண் பொம்மையாகச் செய்த மாரியோ துள்ளிக்கொண்டிருந்தான். 24 வருஷம் நடந்து, 2012 டிசம்பரில் 285-வது இதழோடு அது நின்றது. கடைசி இதழின் அட்டையிலும் அதே களிமண் மாரியோதான்!

அப்படி என்ன இருந்தது அதில்? ஆட்டத்தின் ஒவ்வொரு கட்டத்துக்கும் பக்கம் பக்கமாக வரைபடம். எந்தச் சுவருக்குப் பின்னால் ரகசிய வழி என்ற குறிப்பு. பையன்கள் தாங்கள் எடுத்த பாயிண்டுகளை டெலிவிஷன் திரையோடு போட்டோ பிடித்து அனுப்புவார்கள். பெயர் அச்சில் வரும். கடிதம் எழுதுகிறவர்கள் உறையின் மேலேயே சித்திரம் தீட்டி அனுப்புவார்கள், அவற்றையும் அச்சிட்டார்கள். அம்மா சொல்வது எவ்வளவு சரி, பாருங்கள். இத்தனை ஆசையாய் ஒரு பையன் படிக்கிற சமாசாரத்தை எடைக்குப் போட மனசு வருமா?

இனி அப்பாவின் கட்சி. சகோதரிக்கு உதாரணம் தேடி வெகுதூரம் போக வேண்டாம். ஐந்தாறு கிலோமீட்டரில் இருக்கிறது குற்றாலம். சாரல் விழும் ஸீஸனில் அருவிக்குப் போகும் வழியெல்லாம் மங்குஸ்தானும் ரம்புட்டானும் குவித்திருப்பார்கள். பழக்காரர் ஒன்றைப் பிட்டு, “சும்மா ருசி பாருங்கம்மா” என்று நீட்டுவார். 1995-ல் இங்கிலாந்தில், ஸோனி கம்பெனியின் ப்ளேஸ்டேஷன் பெட்டிக்கென்று அதன் அநுமதியோடு வந்த பத்திரிகை இதைத்தான் செய்தது. இதழோடு ஒரு குறுந்தகடு வரும். புது ஆட்டங்களைத் துண்டு துண்டாக விளையாடிப் பார்க்கலாம். ருசி கண்ட பையன் முழுப் பழத்துக்கு அழுவான் என்பது பழக்காரருக்குத் தெரியாதா?

பழத்தைப் பற்றிப் பழக்காரருக்குத் தெரிந்தது நமக்குத் தெரியாது. எது கனிந்தது, எது நாளைக்கு ஆகும் என்று அவரிடம்தான் கேட்க வேண்டும். ஆனால், “பக்கத்துக் கடைப் பழம் இதைவிடத் தித்திப்பு” என்று அவர் சொல்வாரா? 1989-ல் ஸெகா கம்பெனியும் தன் புதுப் பெட்டியோடு அமெரிக்காவில் போட்டிக்கு வந்தது. ‘நின்டெண்டோ பவர்’ தன் கம்பெனியின் பெட்டிக்கு வந்த ஆட்டங்களுக்குள்ளேயே இது உசத்தி, இது மட்டம் என்று மதிப்புப் போட்டது. போட்டிப் பெட்டிக்கு வந்த ஆட்டங்களுக்கு அதில் இடமே இல்லை.

நம் சமையலறையிலேயே இதற்குச் சாட்சி உண்டு. பிரஷர் குக்கர் வாங்கினால் கூடவே ஒரு சமையல் குறிப்புப் புத்தகம் வருகிறது. எத்தனை விசில், எவ்வளவு தண்ணீர் என்பதில் அதை நம்பலாம். ஆனால், “வற்றல் குழம்பை மட்டும் கல்சட்டியில் வையுங்கள், குக்கர் வேண்டாம்” என்று அதில் எழுதியிருக்குமா? அதற்குப் பாட்டியிடம்தான் போக வேண்டும். பாட்டிக்கு விற்பதற்கு ஒன்றும் இல்லை!

அப்படியானால் ஒன்றையே பிடித்துக்கொண்டு கொண்டாடுவது தவறா? இல்லவே இல்லை. குற்றாலத்தில் வாழ்ந்த ரசிகமணி டி.கே.சி.யை நினைத்துக்கொள்ளுங்கள். கம்பன் என்றால் அவருக்கு உயிர். ஆனால் கம்பன் பெயரில் இருப்பதெல்லாம் அமிர்தம் என்று அவர் சொல்லவில்லை. ஒவ்வொரு பாட்டாக ருசி பார்த்து, “இது கம்பன் வாக்கு அல்ல” என்று ஏராளமான பாடல்களை ஒதுக்கிவிட்டார். பண்டிதர்கள் கோபித்துக்கொண்டார்கள். 1954-ல் அவர் காலமாகி எத்தனையோ வருஷம் ஆன பிறகும் அந்த விவாதம் ஓயவில்லை. அவர் ஒதுக்கியது சரியா, தவறா என்பது வேறு விஷயம். வேண்டாததை வேண்டாம் என்று சொல்லும் துணிவு ரசிகனுக்கு உண்டு. வியாபாரிக்கு அது கஷ்டம். வித்தியாசம் அவ்வளவுதான்.

இப்போது அச்சுப் பத்திரிகையின் இடத்தைக் கம்பெனிகளின் வீடியோக்கள் பிடித்துக்கொண்டன. நின்டெண்டோ 2011-லிருந்து, வரப்போகும் ஆட்டங்களைத் தானே வீடியோவில் அறிவித்து வருகிறது. பையன் கையில் இருக்கும் செல்போனில் பேசுகிறவர்களிலும் யார் ரசிகர், யார் கடைக்காரர் என்று கண்டுபிடிப்பது சுலபமில்லை. அந்த வகையில் பழைய கட்டு எவ்வளவோ மேல். இது கம்பெனியின் பத்திரிகை என்று அதன் பெயரே சொல்லிவிடுகிறது!

ஆகவே, சகோதரி, கட்டை எடைக்குப் போட வேண்டாம். 40 பக்க நோட்டு ஒன்று வாங்கிப் பையனிடம் கொடுங்கள். இப்போது வீட்டில் இருக்கும் ஆட்டங்களைப் பற்றி அவனே ஒரு பத்திரிகை தயாரிக்கட்டும். வரைபடம் போடட்டும், அட்டையில் சித்திரம் தீட்டட்டும். ஒரே ஒரு நிபந்தனை: ஒவ்வொரு ஆட்டத்துக்கும் கடைசியில், “இதில் எனக்குப் பிடிக்காதது என்ன? இதை வாங்க வேண்டாம் என்று எந்தச் சிநேகிதனுக்குச் சொல்வேன்?” என்று நாலு வரி எழுத வேண்டும். கம்பெனி எழுதாத பக்கம் அதுதான்.

முதல் இதழை அப்பாவே படித்து அபிப்பிராயம் சொல்லட்டும். பிறகு, வேண்டும் என்று கேட்கும் அந்தப் புதுப் பெட்டியைப் பற்றியும் அதே நாலு வரியை எழுதச் சொல்லுங்கள். எழுதி முடித்த பிறகும் ஆசை குறையவில்லையென்றால், தீபாவளிக்கு என்ன செய்யலாம் என்று மூன்று பேருமாக உட்கார்ந்து பேசலாம்.