சில்லு எந்தப் பக்கம் உருள வேண்டும்?

விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவை மைக்ரோசொஃப்ட் 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு நிறுத்திக்கொண்டது. கொழும்பின் மட்டக்குளியில் அந்தச் செய்தி பல வீடுகளைத் தொட்டது. இங்கே மேசைமேல் இருக்கும் கணினிகளில் கணிசமானவை பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவிலோ புறக்கோட்டையிலோ பாவித்த பொருளாக வாங்கப்பட்டவை. விண்டோஸ் 11 கேட்கிற டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புப் பாகம் அவற்றில் பெரும்பாலும் இருப்பதில்லை. இன்டெல் புரொசெசரும் எட்டாம் தலைமுறைக்கு முந்தியது. 2022இல் டொலர் 200 ரூபாய்ச் சொச்சத்திலிருந்து சில மாதங்களுக்குள் 360 வரை ஏறிய பிறகு, புதிது வாங்குவது என்ற பேச்சே பல குடும்பங்களில் எடுபடுவதில்லை.

ஆனால் அந்த மெஷின்களுக்குச் சாக வயதாகவில்லை. விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் மின்ட் போட்டால் இன்னும் பல வருடங்கள் நன்றாக ஓடும். அதனால்தான் உயர்தரத்தில் கணினி படிக்கிற பிள்ளைகள் அக்கம்பக்கத்து வீடுகளுக்குப் போய் அதைப் போட்டுக்கொடுப்பதைக் காணும்போது எனக்கு உண்மையான மகிழ்ச்சி. அதே பிள்ளைகளிடம் ஒரு விடயத்தை அழுத்திச் சொல்லவும் விரும்புகிறேன். போட்டுக்கொடுத்த பிறகு பத்து நிமிடம் அந்த வீட்டுக்காரரின் பக்கத்தில் இருங்கள். அவர் மௌஸின் சில்லை எப்படி உருட்டுகிறார் என்று பாருங்கள்.

எங்கள் வீதியில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் இருக்கிறார். காலையில் பத்திரிகைகளை இணையத்தில் வாசிப்பார். பேரப்பிள்ளைகளின் படங்களைப் பார்ப்பார். அவருக்கு மின்ட் போட்டுக்கொடுத்த மாணவன் எல்லாவற்றையும் ஒழுங்காகவே செய்திருந்தான். எழுத்தைப் பெரிதாக்கி, தமிழ் விசைப்பலகையும் சேர்த்திருந்தான். ஆனால் தன் பழக்கப்படி சில்லின் திசையையும் மாற்றிவிட்டிருந்தான். “தம்பி, நான் கீழே போகப் பார்த்தா இது மேலே போகுது. எனக்கு இது சரிவராது, பழையதையே போட்டுத் தாங்க” என்றார் என்னிடம். அவர் குறை சொன்னது லினக்ஸைப் பற்றி. உண்மையில் அவரைத் தடுத்தது ஒரே ஒரு பொத்தான்.

இரண்டு திசைக்கும் நியாயம் உண்டு. உருப்பெருக்கிக் கண்ணாடியைக் கடதாசிமேல் நகர்த்தியும் வாசிக்கலாம். கண்ணாடியை அசையாமல் பிடித்துக் கடதாசியை இழுத்தும் வாசிக்கலாம். 1996இல் மைக்ரோசொஃப்டின் இன்டெலிமௌஸ் வந்தபோது சில்லு கண்ணாடியைத்தான் நகர்த்தியது. சில்லை நம் பக்கம் இழுத்தால் திரையோரத்துச் சட்டம் கீழிறங்கும், பக்கத்தின் அடிப்பகுதி தெரியும். தொடுதிரை ஃபோன்கள் கடதாசியை நம் விரலில் தந்தன. விரலை மேலே தள்ளினால் பக்கமும் கூடவே மேலே போகும். 2011 யூலையில் அப்பிள் தன் மக் இயங்குதளத்தின் லயன் பதிப்பில் கணினியையும் ஃபோனின் வழிக்கே திருப்பியது. ஆசிரியையின் விரல் 1990களில் பழகியது, மாணவனின் விரல் ஃபோனில் பழகியது. யாருடைய மெஷினோ அவருடைய விரலுக்குத்தான் அது இணங்க வேண்டும். இதில் எனக்கு இரண்டாம் கருத்தில்லை.

லினக்ஸை நான் விரும்புவதற்கு இந்தச் சிறிய இடமும் ஒரு காரணம். மக்கில் மௌஸுக்கும் டச்பாடுக்கும் ஒரே தெரிவுதான். ஒன்றை மாற்றினால் மற்றதும் மாறும். விண்டோஸில் நெடுங்காலமாக மௌஸ் சில்லைத் திருப்ப வெளிப்படையான பொத்தானே இருக்கவில்லை, ரெஜிஸ்ட்ரிக்குள் இறங்கித் தேட வேண்டியிருந்தது. லினக்ஸின் குனோம் மேசைச் சூழலில் இரண்டும் தனித்தனி. தொடக்கத்திலேயே டச்பாட் ஃபோனைப் போலவும் மௌஸ் பழைய வழியிலும் நடக்கும். மின்டின் சின்னமன், கேடிஈ, எக்ஸ்எஃப்சிஈ எல்லாவற்றிலும் மௌஸ் அமைப்புப் பக்கத்திலேயே திசையைத் திருப்பும் தெரிவு இருக்கிறது. எக்ஸ்எஃப்சிஈயில் மட்டும் முதலில் மேலே உள்ள பட்டியலில் சரியான சாதனத்தைத் தேர்ந்துகொள்ள வேண்டும். டச்பாடைத் தேர்ந்துவிட்டு மௌஸ் ஏன் மாறவில்லை என்று தேடுகிறவர்கள் நிறையப் பேர்.

பெரும்பாலும் வேலை இதோடு முடிந்துவிடும். முடியாதபோது என்ன நடக்கிறது என்பதுதான் சுவையான பகுதி.

1987இல் வெளிவந்த எக்ஸ்11 திரை அமைப்பு சில்லு மௌஸ் பரவுவதற்கு முந்தியது. பின்னால் வந்த சில்லை அதற்குள் நுழைக்க ஒரு வழி கண்டார்கள்: சில்லை மேலே உருட்டினால் நான்காம் பொத்தானை அழுத்தியதாகவும், கீழே உருட்டினால் ஐந்தாம் பொத்தானை அழுத்தியதாகவும் கணக்கிட்டார்கள். அதனால் அக்காலத்தில் திசையைத் திருப்ப நான்கையும் ஐந்தையும் இடம் மாற்றி எழுதினாலே போதும். எக்ஸ்மொட்மாப் என்ற கருவி அதற்குத்தான் பயன்பட்டது. அந்த வரியை வீட்டுக் கோப்புறையில் ஒரு மறைகோப்பாக எழுதி வைப்பார்கள். இன்று சாதனங்களைக் கவனிப்பது பீற்றர் ஹட்டரர் நெடுங்காலமாகப் பராமரித்துவரும் லிப்இன்புட். திருப்பும் வேலையை அது தன் மட்டத்திலேயே செய்கிறது.

சிக்கல் இந்த இரண்டும் சந்திக்கும் இடத்தில் பிறக்கிறது. பழைய மறைகோப்பு அப்படியே கிடக்க, அமைப்புப் பக்கத்திலும் பொத்தானை அழுத்தினால் திருப்பம் இரண்டு முறை நடந்து பழைய திசையே மிஞ்சும். பொத்தான் வேலை செய்யவில்லை என்று தோன்றும். அது செய்துகொண்டுதான் இருக்கிறது. எங்கோ ஒரு நிரலில் மட்டும் தலைகீழாக ஓடினால் அந்த நிரலுக்குள் தேட வேண்டும். ஃபயர்ஃபொக்ஸின் மறைவான அமைப்புப் பட்டியலில் சில்லின் செங்குத்துப் பெருக்கி நூறு என்று இருக்கும். யாரோ அதை மறை நூறாக்கியிருந்தால் உலாவி மட்டும் எதிர்த்திசையில் போகும்.

இன்னொன்று, வேலண்ட் என்ற புதிய திரை அமைப்பு. உபுண்டு 21.04இலிருந்து பெரும்பாலான கணினிகளில் எக்ஸுக்குப் பதில் அதுதான் இயல்பாக வருகிறது. பழைய எக்ஸ் கட்டளைகளும் மறைகோப்புகளும் அங்கே உண்மையான மௌஸைத் தொடுவதில்லை. பதிப்பை மேம்படுத்திய மறுநாள் சில்லு தானாகவே திரும்பிவிட்டது என்று யாராவது சொன்னால் நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான். எக்ஸ்இன்புட் என்ற கட்டளை காட்டும் சாதனப் பட்டியலில் மௌஸின் பெயருக்குப் பதிலாக எக்ஸ்வேலண்ட் என்று தொடங்கும் பெயர்கள் தெரிந்தால் உறுதி. மேசைச் சூழலின் அமைப்புப் பக்கத்துக்கே போங்கள்.

கட்டளை வழியாக மாற்றுகிறவர்கள் ஒன்றை நினைவில் வைத்திருக்க வேண்டும். எக்ஸ்இன்புட் செய்யும் மாற்றம் அந்த அமர்வுக்கு மட்டும்தான். மின்சாரம் போய் வந்தாலும், மௌஸின் வயரைக் கழற்றிச் செருகினாலும் அது போய்விடும். 2022 மார்ச் கடைசியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் மின்வெட்டில் இருந்த ஊர் இது. யூபிஎஸ் இல்லாத வீடுகளே அதிகம். நிலைத்திருக்க வேண்டுமானால் மேசைச் சூழலில் மாற்றுங்கள், அல்லது எக்ஸ் தொடங்கும்போது படிக்கும் அமைப்புக் கோப்பில் எழுதுங்கள். எழுதும்போது சாதனத்தின் இலக்கத்தை நம்பாமல் பெயரைக் குறிப்பிடுங்கள். இலக்கம் ஒவ்வொரு தொடக்கத்திலும் மாறக்கூடியது.

ஒரே மெஷினில் பாட்டியும் பேரனும் இருக்கும் வீடுகளில் இருவருக்கும் தனித்தனிப் பயனர் கணக்கு திறந்துகொடுங்கள். மேசைச் சூழலின் திசைத்தெரிவு கணக்கோடு சேமிக்கப்படுவதால் ஒருவர் மாற்றியது மற்றவரைத் தொந்தரவு செய்யாது. இதைச் செய்ய ஐந்து நிமிடம்கூட ஆகாது. ஆனால் நம் வீடுகளில் ஏறக்குறைய யாரும் செய்வதில்லை என்பது எனக்கு வருத்தம்.

சில வேளைகளில் அமைப்புக்கும் சில்லுக்கும் தொடர்பே இருக்காது. கீழே உருட்டினால் பக்கம் இறங்கும், திடீரென்று ஒரு வரி மேலே துள்ளும், மறுபடி இறங்கும். சில்லின் அச்சில் சுழற்சியை எண்ணும் சிறு பாகம் தேய்ந்தாலோ தூசு பிடித்தாலோ இப்படித்தான் நடக்கும். மலிவான மௌஸ்களில் அது உலோகத் தொடுகைகளால் ஆனது. முகத்துவாரத்துக் கடற்காற்று இங்கே எந்த உலோகத்தையும் சும்மா விடுவதில்லை. உறுதிசெய்ய, எக்ஸ் அமர்வில் எக்ஸ்இவி என்ற சிறு கருவியைத் திறந்து சில்லை ஒரே திசையில் மெதுவாக உருட்டுங்கள். ஒரே பொத்தான் இலக்கம் திரும்பத் திரும்ப வந்தால் மௌஸ் நலமாக இருக்கிறது. நான்கும் ஐந்தும் கலந்து வந்தால் எந்த அமைப்பை மாற்றியும் பலனில்லை. புறக்கோட்டைப் பக்கம் போகும்போது புதிது ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.