கை பழகிய கத்தரி



போன இதழில் குறும்படச் செலவுக் கணக்கை எழுதியிருந்தேன். கேமரா வாடகையையும் சாப்பாட்டுச் செலவையும் பற்றித்தான் கடிதம் வரும் என்று நினைத்தேன். வந்தது வேறு. “எடிட்டிங் சாஃப்ட்வேருக்கு மாதாமாதம் கட்டி மாளவில்லை, எதற்கு மாறலாம்?” கேட்டவர்களில் பலர் முகூர்த்த மாதங்களில் கல்யாண வீடியோ வெட்டிச் சம்பாதித்து, ஆடியிலும் மார்கழியிலும் சொந்தப் படத்தைக் கையில் எடுப்பவர்கள். ஆடி பிறந்தால் வருமானம் நிற்கும், சந்தா நிற்காது.

நானும் அந்த வரிசையில் நின்றவன்தான். பதினெட்டு நிமிடப் படம் ஒன்றின் ரஃப் கட் முடிந்த வாரம் என் கார்டு காலாவதியாகி, தவணை போகவில்லை. நான் எடுத்த படம், நான் வெட்டிய வெட்டு, என் மேஜைமேல் இருக்கும் ஹார்டு டிஸ்க்கில்தான் இருக்கிறது. திறக்க முடியவில்லை. வீட்டுக்காரர் வாசலில் பூட்டைப் போட்டுவிட்டு, “உள்ளே இருக்கிற சாமானெல்லாம் உங்களுடையதுதான் சார்” என்று சொல்வது மாதிரி. கார்டை மாற்ற மறந்தது என் தப்புதான். ஆனாலும் மாறிவிடுவது என்று அன்று ராத்திரியே முடிவெடுத்தேன்.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். நம்மில் பலர் எடிட்டிங் கற்றதே பென் டிரைவில் கைமாறிய கிராக் காப்பியில்தான். அதை மறைத்துவிட்டு மென்பொருள் விலையைப் பற்றிப் பேசினால் பாசாங்காகிவிடும். இப்போது அந்தத் திருட்டுக்குச் சாக்கும் குறைந்துவிட்டது, ஏனென்றால் நல்ல கருவியே இலவசமாகக் கிடைக்கிறது.

நான் போய்ச் சேர்ந்தது டாவின்சி ரிசால்வ். கோடம்பாக்கத்து டி.ஐ. அறைகளுக்குப் பழகிய பெயர் அது. இருட்டறையில் கலரிஸ்ட் உட்கார்ந்து படத்தின் நிறத்தைச் சரிசெய்ய உருண்டைகளை உருட்டிக்கொண்டிருப்பாரே, அந்த வேலைக்குப் பேர்போன அமெரிக்கக் கருவி. ஒரு காலத்தில் விலை பல லட்சம் டாலர். 2009இல் அதைச் செய்த கம்பெனியை ஆஸ்திரேலியாவின் பிளாக்மேஜிக் டிசைன் வாங்கியது. மறுவருஷமே வெறும் மென்பொருளாக 995 டாலருக்கு விற்றார்கள். 2011இல் இலவசப் பதிப்பையும் விட்டார்கள். பிறகு எடிட்டிங், ஒலிக்கு ஃபேர்லைட், கிராஃபிக்ஸுக்கு ஃப்யூஷன் என்று ஒவ்வொன்றாக அதற்குள்ளேயே வந்து சேர்ந்தன. 2017இல் கட்டணப் பதிப்பின் விலை 299 டாலராக இறங்கியது. ஒருமுறை கொடுத்தால் போதும், மாத வாடகை கிடையாது.

இது தர்மம் இல்லை. அவர்கள் கேமராவும் கலர் பேனலும் கேப்சர் கார்டும் விற்கிறவர்கள். குத்துவிளக்கை இனாமாகக் கொடுத்துவிட்டு எண்ணெய் விற்கிற வியாபாரம். எண்ணெய் வாங்காமலும் விளக்கை வைத்துக்கொள்ளலாம் என்பது நம் அதிர்ஷ்டம்.

இலவசப் பதிப்பில் என்ன கிடைக்காது? 4கே வரை தாராளமாக வெட்டலாம். குறைந்த வெளிச்சத்தில் எடுத்த காட்சியில் மொய்க்கும் புள்ளிகளை நீக்குகிற வசதி இல்லை. தெருவிளக்கை நம்பி ராத்திரிக் காட்சி எடுக்கிற நமக்கு அது கொஞ்சம் வலிக்கும். லினக்ஸில் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு தொல்லை: போனும் பெரும்பாலான கேமராக்களும் தருகிற எச்.264 ஃபைலை இலவசப் பதிப்பு அங்கே திறக்காது, மாற்றித்தான் கொடுக்க வேண்டும்.

லேப்டாப்பையும் பார்த்துக்கொள்ளுங்கள். ரிசால்வ் கிராஃபிக்ஸ் கார்டைப் பிழிந்து வேலை வாங்கும். மென்பொருளில் மிச்சம் பிடித்ததைக் கம்ப்யூட்டர் கடையில் விட்டுவிட்டு வந்த நண்பர்கள் எனக்கு உண்டு. பழைய லேப்டாப் என்றால் கேடென்லைவ், ஷாட்கட் இரண்டும் இருக்கின்றன. முழுக்க இலவசம், யாருக்கும் எண்ணெய் விற்காதவை. ஃபுட்டேஜுக்குச் சின்ன அளவில் ப்ராக்ஸி போட்டுக்கொண்டால் ஒரு குறும்படத்தைத் தாராளமாக முடிக்கலாம். கல்லூரிப் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்வது இவற்றைத்தான். எதில் வெட்டினாலும் சரி, போனில் எடுத்ததை நிலையான ஃபிரேம் ரேட்டுக்கு மாற்றிவிட்டு ஆரம்பியுங்கள். இல்லாவிட்டால் பத்தாவது நிமிடத்தில் உதடு ஒருபக்கம், வசனம் ஒருபக்கம்.

படத்தின் நடுவில் மட்டும் மாறாதீர்கள். நான் மாறினேன். டைம்லைனை எக்ஸ்.எம்.எல். ஃபைலாக எடுத்துக்கொண்டு போகலாம் என்பார்கள். போகலாம்தான். வெட்டுகள் வந்து சேரும். எழுத்துகள், எஃபெக்ட்டுகள், பார்த்துப் பார்த்து வைத்த வேக மாற்றங்கள் பாதி வழியில் இறங்கிக்கொள்ளும். எனக்கு மூன்று வாரம் போயிற்று. பழைய படங்களின் பிராஜெக்டுகளை இழுத்துக்கொண்டு வரவும் வேண்டாம். சந்தா முடிவதற்குள் ஒவ்வொன்றையும் நல்ல தரத்தில் ஒரு மாஸ்டர் காப்பி எடுத்து, வசனத்தையும் இசையையும் தனித்தனியாக எடுத்து, பெட்டியில் போட்டுவிடுங்கள்.

இந்த வலி பெரியவர்களையும் விடவில்லை. 2011இல் ஆப்பிள் தன் ஃபைனல் கட் ப்ரோவைப் புதிதாக எழுதி, பழையதைவிடப் பாதிக்கும் குறைந்த விலையில் வெளியிட்டது. பழைய பிராஜெக்டுகளை அது திறக்கவே இல்லை. உலகெங்கும் எடிட்டர்கள் கொதித்துப் போனார்கள். அதற்குப் பல வருஷம் கழித்து, 2019இல் வந்த கொரியப் படம் ‘பாரசைட்’ எதில் வெட்டப்பட்டது தெரியுமா? ஆப்பிள் கைகழுவிவிட்ட அந்தப் பழைய ஃபைனல் கட் 7இல்தான். எடிட்டர் யாங் ஜின்-மோவின் பெயர் ஆஸ்கர் பரிந்துரை வரை போனது. கை பழகிய கத்தரி உங்களிடம் ஓடிக்கொண்டிருந்தால், என் பேச்சைக் கேட்டு அதைத் தூக்கிப் போட வேண்டியதில்லை.

மாறுகிறவர்களுக்குக் கைதான் முதலில் முரண்டு பிடிக்கும். ரிசால்வில் பிரீமியர், ஆவிட் பாணி ஷார்ட்கட்டுகளையே வைத்துக்கொள்ள வழி இருக்கிறது. நான் அப்படித்தான் ஆரம்பித்து, ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்று இரண்டு மாதம் திண்டாடினேன். புதிய ஷார்ட்கட்டுகளையே நேரடியாகப் பழகுங்கள். பத்து நாள் எரிச்சல், அவ்வளவுதான்.

கடைசியாக ஒரு பரிசோதனை, எந்த விமர்சனத்திலும் நான் இதைப் பார்த்ததில்லை. புதிய மென்பொருளை நிறுவியதும் டைட்டில் போடுகிற இடத்தில் ‘கொக்கு’ என்று தட்டிப் பாருங்கள். கொம்பும் காலும் அதனதன் இடத்தில் நிற்கின்றனவா என்று பார்த்துவிட்டு மேலே போங்கள். என் படத்தின் பெயர் ‘கொடுக்காப்புளி’. நான் திரையில் போட்டபோது கொம்பு க-வுக்குப் பின்னால் போய் நின்றது. எழுத்துருவை மாற்றினேன், மென்பொருளைத் திட்டினேன், ஒன்றும் நடக்கவில்லை. பக்கத்து அறையில் எங்கள் லே-அவுட் கலைஞர் இருந்தார். ஒரு வெள்ளைத் தாளில் பிரஷ்ஷால் எழுதிக் கொடுத்தார். ஸ்கேன் செய்து, பின்னணியை நீக்கி, படத்தின் மேல் ஒட்டினேன். திரையிட்ட இடத்தில் இரண்டு பேர் அது எந்த ஃபாண்ட் என்று கேட்டார்கள்.

நீங்கள் ஏற்கெனவே மாறியிருந்தால் எழுதுங்கள். எதிலிருந்து எதற்கு மாறினீர்கள், எத்தனை ஜி.பி. ராம், ‘கொக்கு’ சரியாக வந்ததா என்பதையும் சேர்த்து. அடுத்த இதழில் இரண்டு பக்கம் ஒதுக்கி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்