காரைக் கழுவுறோம், கண்ணாடியைக் கழுவுறோமா?

1/ ஞாயித்துக்கிழமை காலைல எங்க தெருவுல நாலு கார் குளிக்கும். ஷாம்பு, பாலிஷ், டயருக்குக் கறுப்பு மெருகு எல்லாம் நடக்கும். பானெட்ல முகம் பார்க்கலாம். ஆனா உள்ள உட்கார்ந்து முன் கண்ணாடி வழியா வெயிலைப் பார்த்தா ஒரே மங்கல். இந்த த்ரெட் அந்தக் கண்ணாடியைப் பத்தித்தான்.

2/ நானும் யோக்கியன் இல்ல. ஒரு நாள் நைட் டியூட்டி முடிச்சு, காலைல கிழக்குப் பார்த்து ஓட்டிட்டு வந்தேன். சூரியன் நேர் எதிர்ல. கண்ணாடில பனி ஈரமும் புழுதியும். வைப்பர் போட்டா டேங்க்ல தண்ணி இல்ல. சேறு பூசின மாதிரி ஆயிடுச்சு. பிரேக் அடிச்சு நின்னப்போ, பால் பாக்கெட்டோட ரோட்டைக் கடந்துட்டிருந்த ஒரு பாட்டி பம்பருக்கு நாலடி முன்னாடி நின்னாங்க.

3/ பாட்டி திட்டியிருந்தாக்கூடப் பரவாயில்ல. கையெடுத்துக் கும்பிட்டுட்டுப் போனாங்க. அது இன்னும் உறுத்துது.

4/ கணக்குப் போட்டுப் பாருங்க. மணிக்கு 60 கி.மீ. வேகத்துல கார் ஒரு செகண்டுக்கு சுமார் 17 மீட்டர் போகும். ரெண்டு செகண்ட் கண் கூசினா 33 மீட்டர் கண்ணை மூடிட்டு ஓட்டினதுக்குச் சமம்.

5/ ஓ.பி.ல அடிக்கடி கேட்கிற புகார்: "சார், ராத்திரி எதிர்ல வர்ற லைட் ரொம்பக் கூசுது." கண்புரை ஆரம்பமா இருக்கலாம், பவர் மாறியிருக்கலாம். கண் டாக்டர்கிட்ட அனுப்புவேன். கூடவே இன்னொண்ணும் கேட்பேன்: "காரா? உள்பக்கக் கண்ணாடியை எப்போ துடைச்சீங்க?" பெரும்பாலும் பதில் ஒரு சிரிப்புதான்.

6/ கண்புரைல லென்ஸ் மங்கி வெளிச்சம் சிதறுது. கண்ணாடில படிஞ்ச எண்ணெய்ப் படலமும் அதையேதான் செய்யுது. எதிர் ஹெட்லைட் புள்ளியா தெரியாம பெரிய பூவா விரியும். அந்தப் பூவுக்குள்ள லைட் இல்லாத சைக்கிள்காரர் மறைஞ்சு போயிடுவார்.

7/ உள்பக்கம் எப்படி அழுக்காகுது? வெயில்ல நிக்கிற காரோட டேஷ்போர்டு பிளாஸ்டிக் சூடாகி விடுற ஆவி, நம்ம மூச்சு, புழுதி எல்லாம் சேர்ந்து படியுது. மைக்ரோஃபைபர் துணியை நனைச்சுப் பிழிஞ்சு துடைங்க, அப்புறம் காய்ஞ்ச துணி. உள்பக்கம் இடவலமா, வெளிப்பக்கம் மேலிருந்து கீழா. கோடு விழுந்தா எந்தப் பக்கம்னு உடனே தெரிஞ்சிடும்.

8/ பாடிக்கு ஒரு விஷயம். மண்ணு ஒட்டின காயத்தை நாங்க முதல்ல தேய்க்க மாட்டோம், தண்ணி ஊத்திக் கழுவுவோம். காரும் அப்படித்தான். காய்ஞ்ச துணியால புழுதியைத் தட்டினா மணல் பெயிண்டைக் கீறும். பறவை எச்சத்தையும் சுரண்டாம ஊற வெச்சு எடுங்க. துணி துவைக்கிற பவுடர் வேண்டாம், மெழுகுப் பூச்சைக் கரைச்சிடும்.

9/ போர் தண்ணி உப்பா இருந்தா மத்தியான வெயில்ல கழுவாதீங்க. தண்ணி காய்ஞ்சு உப்பு கண்ணாடில வெள்ளைப் புள்ளியா நின்னுடும். காலைலயோ சாயங்காலமோ நிழல்ல கழுவி, உடனே துடைச்சிடுங்க.

10/ நம்ம ஊர் வெயில்ல வைப்பர் ரப்பர் சீக்கிரம் இறுகிடும். கோடு போட்டாலோ கீச்சுனு சத்தம் வந்தாலோ மாத்திடுங்க. மழைக்காலம் வந்தப்புறம் பார்த்துக்கலாம்னு விடாதீங்க. டேங்க்ல தண்ணி இருக்கான்னு வாரம் ஒருமுறை பாருங்க.

11/ பளபளப்புக்கு டீசல் தொட்டுத் துடைக்கிறவங்க உண்டு. கண்ணாடில பட்டா அதுவே எண்ணெய்ப் படலம். மிச்சத்தைக் கூல்டிரிங்ஸ் பாட்டில்ல ஊத்தி வெக்காதீங்க, குழந்தைங்க குடிச்சிடும். குடிச்சுட்டா வாந்தி எடுக்க வைக்காதீங்க, நுரையீரலுக்குள்ள போயிடும். நேரா ஆஸ்பத்திரிக்கு வாங்க.

12/ கடைசியா ஓனர்களுக்கு. கோட்டிங் போட ஆயிரக்கணக்குல செலவு பண்ணுவோம். டிரைவர் அண்ணன் வைப்பர் மாத்தணும்னு கேட்டா, "அடுத்த மாசம் பார்க்கலாம்"னு சொல்லுவோம். ஏதாவது நடந்துட்டா மட்டும் "டிரைவர் சரியா பார்க்கல"ம்போம். எதைப் பார்த்து ஓட்டுவார், பாவம்?

13/ பெயிண்ட் மங்கினா நஷ்டம் நமக்கு மட்டும்தான். கண்ணாடி மங்கினா, ரோட்டைக் கடக்கிற யாரோ ஒருத்தருக்கு. அதனால வரிசையை மாத்துங்க: முதல்ல கண்ணாடி, அப்புறம் ஹெட்லைட், சைடு மிரர். பானெட் கடைசியா போதும்.

14/ இன்னிக்கு ராத்திரி வண்டி எடுக்கிறதுக்கு முன்னாடி உள்பக்கக் கண்ணாடில விரலை வெச்சு ஒரு கோடு போட்டுப் பாருங்க. கோடு தெரிஞ்சா துடைச்சுட்டு எடுங்க. அந்தப் பாட்டிக்காக நானும் இப்போ அதைத்தான் செய்யறேன்.