ஸ்கேனர் சொல்லாததைச் சொல்லும் சர்வீஸ் சென்டர்கள்

"சென்சார் போயிடுச்சு சார், மாத்தணும்." டீசல் கார் வைத்திருப்பவர்களில் இந்த வசனத்தைக் கேட்காதவர்கள் குறைவு. இன்ஜின் லைட் எரியும். மேட்டில் வண்டி இழுக்காது. சர்வீஸ் சென்டரில் ஸ்கேனரைச் செருகுவார்கள், பி 0236 என்று ஒரு எண் வரும், அடுத்த நிமிடம் எஸ்டிமேட் தயார். இதைப் பழுது பார்ப்பது என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். நம் பணத்தை வைத்து அவர்கள் ஆடும் சூதாட்டம் இது.

அந்த எண்ணுக்கு அர்த்தம் என்ன? டர்போ பூஸ்ட் சென்சாரிலிருந்து வரும் அளவு, கம்ப்யூட்டர் எதிர்பார்த்தபடி இல்லை. அவ்வளவுதான். சென்சார் கெட்டுவிட்டது என்று அது சொல்லவே இல்லை. சென்சார் கெட்டிருக்கலாம். ஒயரை எலி கடித்திருக்கலாம். சென்சார் மூக்கில் கரியும் எண்ணெயும் அடைத்திருக்கலாம். டர்போவிலிருந்து காற்று போகும் ஹோஸ் கிழிந்திருக்கலாம். அப்படியானால் சென்சார் உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறது. தெர்மாமீட்டர் 103 காட்டினால் தெர்மாமீட்டரையா மாற்றுவோம்?

கண்டுபிடிப்பது ஒன்றும் பிரம்ம வித்தை இல்லை. இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் செய்யுங்கள். டர்போ சுற்றாதபோது அந்தக் குழாயில் இருப்பது சாதாரணக் காற்றழுத்தம்தான். சென்னையில் ஸ்கேனர் ஏறக்குறைய 100 கிலோபாஸ்கல் காட்ட வேண்டும். ஊட்டி 2,240 மீட்டர் உயரம், அங்கே சுமார் 77 காட்டும். சென்னையில் நிற்கும் வண்டி 60 என்றோ 150 என்றோ காட்டினால் சென்சாரையும் ஒயரையும் சந்தேகப்படலாம். அப்போதும் சாக்கெட்டைக் கழற்றி, 5 வோல்ட் வருகிறதா, எர்த் சரியாக இருக்கிறதா என்று மல்டிமீட்டர் வைத்துப் பார்த்த பிறகே சென்சாரைக் குற்றம் சொல்ல வேண்டும்.

சாவி ஆன் செய்ததும் அளவு சரியாக வந்து, மேட்டில் ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது மட்டும் ஏறவில்லையா? பெரும்பாலும் கோளாறு வேறு இடத்தில். இன்டர்கூலர் ஹோஸ், அதன் கிளிப், ஆக்சுவேட்டருக்குப் போகும் வேக்கம் குழாய் இவற்றைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஹோஸ் கசிந்தால் இணைப்பில் எண்ணெய்ப் பிசுக்கு தெரியும், உஸ் என்று சத்தம் வரும், பின்னால் கரும்புகை வரும். இதற்குக் கண்ணும் காதும் போதும்.

என் தம்பி மகனுடைய வண்டிக்கு நடந்ததைச் சொல்கிறேன். மேட்டுப்பாளையம் தாண்டி மலை ஏறும்போது லைட் எரிந்து இழுவை போய்விட்டது. பெயர் சொல்லாத ஒரு சர்வீஸ் சென்டரில் சென்சாரை மாற்றினார்கள். ஒரே வாரத்தில் மறுபடி லைட். "அப்ப டர்போவே போயிருக்கும், மொத்தமா மாத்திடலாம்" என்றார்கள். அவன் பயந்துபோய் ஒரு சின்ன ஒர்க்‌ஷாப்பில் காட்டினான். அந்த மெக்கானிக் ஹோஸை வளைத்துப் பார்த்தார். அடிப்பக்கம் விரல் நீளத்துக்கு வெடிப்பு. ஹோஸ் மாற்றியதோடு சரி. நல்ல சென்சாருக்குக் கொடுத்த காசு போனது போனதுதான்.

மெக்கானிக்குகள் தரப்பிலும் ஒரு நியாயம் உண்டு, அதை மறைக்கக் கூடாது. "ஒரு மணி நேரம் செக் பண்ணிட்டு ஹோஸ் கிளிப் மட்டும் மாத்தினா, நூறு ரூபா தர மூக்கால அழுறாங்க சார். பார்ட் மாத்தினா கேள்வி கேக்காம தர்றாங்க" என்பார்கள். உண்மைதான். பொருளுக்குக் காசு கொடுக்கும் கை, அறிவுக்குக் கொடுக்கக் கூசுகிறது. ஆனால் அதற்காக நல்ல பாகத்தைக் கழற்றிப் போடுவது எந்த ஊர் நியாயம்? செக்கிங் கூலி இவ்வளவு என்று முன்கூட்டியே சொல்லி வாங்கட்டும். நாமும் முகம் சுளிக்காமல் கொடுப்போம். டர்போ விலையோடு ஒப்பிட்டால் அது ஒரு காசே இல்லை.

நம் வயதுக்காரர்களிடம் "கம்ப்யூட்டரே சொல்லுது சார்" என்றால் வாயடைத்துப் போவோம் என்று ஒரு நினைப்பு அவர்களுக்கு. அடுத்த முறை அப்படிச் சொன்னால் மூன்று கேள்வி கேளுங்கள். சாவி மட்டும் ஆன் செய்தபோது ரீடிங் எவ்வளவு? வண்டியை ஓட்டிப் பார்த்தபோது கம்ப்யூட்டர் கேட்ட பூஸ்ட் எவ்வளவு, வந்தது எவ்வளவு? ஹோஸைக் கையால் தொட்டுப் பார்த்தது யார்? மூன்றுக்கும் பதில் வராவிட்டால் எஸ்டிமேட்டில் கையெழுத்துப் போடாதீர்கள். பாகம் மாற்றியே ஆக வேண்டும் என்றால் பழையதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அது உங்கள் பொருள்.