பனியன் கம்பெனிகளும் பாரம்பரியக் கட்டடங்களே

கோயில், கோட்டை, அரண்மனை ஆகியவற்றை மட்டுமே பாரம்பரியச் சின்னங்களாகக் கருதும் வழக்கத்தால் பெரிதும் இழப்பது திருப்பூர்தான்; அந்த ஊரின் வரலாறு பருத்தி அரவை ஆலைகளிலும், அதாவது பருத்தியிலிருந்து கொட்டையைப் பிரித்துப் பஞ்சாக்கும் கூடங்களிலும், பஞ்சுக் கிடங்குகளிலும், பனியன் கம்பெனிகளிலும் நிகழ்ந்தது. இவற்றுள் எஞ்சியிருப்பவற்றை மாநகராட்சி உடனடியாகக் கணக்கெடுக்க வேண்டும். மாநில அரசு அவற்றுக்குச் சட்டப் பாதுகாப்பு அளிக்க வேண்டும்.

1925ஆம் ஆண்டு திருப்பூருக்கு இரட்டைத் தொடக்கமாக அமைந்தது. அந்த ஆண்டில் காந்தியடிகள் தலைமையில் அகில இந்திய சர்க்கா சங்கம் பாட்னாவில் உருவாகி, அதன் தமிழ்நாட்டுக் கிளை பின்னர் திருப்பூரைத் தலைமையிடமாகக் கொண்டு கதர் உற்பத்தியையும் விற்பனையையும் நடத்தியது. அதே ஆண்டில்தான் குலாம் காதர் இங்கே முதல் பின்னலாடை ஆலையை நிறுவினார் என்று தொழில் வரலாறு குறிப்பிடுகிறது. கைராட்டையும் பின்னல் எந்திரமும் ஒரே ஊரில் ஒரே காலத்தில் வேர்விட்டது தமிழகத் தொழில் வரலாற்றில் அரிய நிகழ்வாகும். ஆனால் அதற்குக் கண்கூடான சான்றாக நிற்கும் கட்டடம் எது என்று கேட்கும் பள்ளி மாணவருக்குக் காட்ட ஒரு பெயர்ப்பலகைகூட இல்லாத நிலை வேதனைக்குரியது.

பழைய கம்பெனிக் கட்டடம் தொழில்முறையின் ஆவணமுமாகும். பின்னுவது முதல் பெட்டியில் அடுக்குவது வரை ஒரே கூரையின்கீழ் நடந்த வேலை, பிற்காலத்தில் நிட்டிங், டையிங், கட்டிங், தையல் எனப் பிரிந்து ஜாப் ஒர்க்காக, அதாவது கூலிக்குச் செய்துதரும் சிறு பட்டறைகளின் பணியாக, ஊரெங்கும் சிதறியது; 1970களின் இறுதியில் இத்தாலிக்குத் தொடங்கிய ஏற்றுமதியும், 1984இல் 127 நாள் நீடித்த தொழிலாளர் வேலைநிறுத்தமும் அந்த மாற்றத்தோடு பிணைந்தவை. முதலாளியின் அறை எங்கே இருந்தது, தொழிலாளர் எவ்வளவு இடத்தில், எந்த வெளிச்சத்தில் வேலை செய்தனர் என்பவற்றைப் புள்ளிவிவரம் சொல்லாது. சுவரும் சன்னலும்தான் சொல்லும்.

நிலமதிப்பு உயர்ந்த ஊரில் பழைய கட்டடத்தைக் காப்பது உரிமையாளருக்கு இழப்பு என்னும் வாதம் நியாயமானது. ஆகவே தடையாணையோடு நிறுத்தாமல், கட்டடத்தைக் காப்பதால் கட்ட முடியாமல் போகும் பரப்பை வேறிடத்தில் கட்டவோ பிறருக்கு விற்கவோ இடமளிக்கும் வளர்ச்சி உரிமை மாற்றத்தை உரிமையாளருக்கு வழங்க வேண்டும். பாதுகாப்பு பற்றிய அச்சத்தையும் தள்ளிவிட முடியாது. 2023 ஜூன் மாதம் திருப்பூர் காதர்பேட்டை பனியன் பஜாரில் சுமார் 50 கடைகள் தீக்கிரையாயின. எனினும் மின்கம்பிகளைப் புதுப்பிப்பதும், தீயணைப்பு வண்டி நுழைய வழிவிடுவதும் பழைய சுவர்களை இடிக்காமலே செய்யக்கூடியவை.

சென்னை அண்ணாசாலையில் 1897இல் கோபுரங்களோடு எழுந்த பாரத் இன்சூரன்ஸ் கட்டடமும் முதலில் ஒரு மருந்து வணிக நிறுவனத்துக்காகக் கட்டப்பட்டது. 2006இல் அதை இடிக்கத் தொடங்கியபோது ஆர்வலர்கள் நீதிமன்றம் சென்றதால்தான் அது தப்பியது. திருப்பூரின் எளிய ஓட்டுக் கூடங்களுக்கு அத்தகைய கோபுரங்களோ வழக்காடுவோரோ இல்லை. ஆதலால் கணக்கெடுப்பு முடியும்வரை, இத்தகைய தொழிற்கூடம் எதையும் இடிக்க அனுமதி வழங்குமுன் அதன் வரைபடத்தையும் நிழற்படங்களையும், அங்கு உழைத்தவர்களின் வாய்மொழிப் பதிவையும் மாநகராட்சி கட்டாயமாகப் பெற வேண்டும்.